அத்தையின் நாக்கும் அப்பாவின் ஏழு டம்ளர் டீயும்

உலகத்தில் இருக்கிற நாக்குகளையெல்லாம் பிடித்து ஒரு மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்தால், என் அத்தையின் நாக்கு மட்டும் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்ற நாக்குகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை யாராவது கடலில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போனால், புதன்கிழமை அத்தை எதிர்க்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "குவிச்சுப் போடல, தலை தட்டித்தான் போட்டிருக்காங்க. ஸ்பூனும் ஈரம்" என்று சொல்லிவிடுவாள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாத எறும்புகள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி அத்தையிடம் விசாரித்துவிட்டுத்தான் போகும்.

இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். எறும்பு கதவைத் தட்டாது. மற்றதெல்லாம் ஏறக்குறைய உண்மை.

அத்தை வேலை பார்க்கிற பிஸ்கட் தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை நாலு பக்கத்துக்கு ஒரு பத்திரிகை போடுகிறார்கள். இருபத்தைந்து வருடம் முடித்தவர்களைப் பற்றி அவர்கள் வீட்டு ஆள் யாராவது அதன் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டுமாம். அப்பா டவுன் பஸ் டிரைவர். ஸ்டீயரிங் பிடித்த கைக்குப் பேனா சின்னதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். "எனக்கு இடுப்பளவும் கையளவும்தான் எழுத வரும்" என்றாள். மிச்சம் இருந்தது நான். பத்தாவதில் கணக்கில் ஒருமுறையும் அறிவியலில் ஒருமுறையும் விழுந்து இன்னும் முழுதாக எழுந்திருக்காத நான். தமிழில் மட்டும் எப்படியோ விழவில்லை. அந்தப் பாவத்துக்கு இந்த வேலை என் தலையில் வந்து உட்கார்ந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். சாப்பாடு எங்களோடுதான். தெருவில் அவளுக்கு "நாக்கு" என்று பெயர். பால்காரர்கூட "நாக்கு வீட்டுக்கு" என்று தனியாக ஒரு கேன் வைத்திருக்கிறார். அதில் தண்ணீர் கலப்பதில்லை, கலந்து ஒருமுறை பட்டிருக்கிறார்.

பத்தொன்பது வயதில் பாக்கெட் ஒட்டும் பிரிவில் சேர்ந்தாள். ஒரு நாள் உடைந்த பிஸ்கட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு உப்பு கம்மி" என்று சொல்லியிருக்கிறாள். சூப்பர்வைசர், "ஒட்டுற வேலையைப் பாரு" என்றிருக்கிறார். அன்று சாயங்காலம்தான் உப்பு நிறுக்கும் தராசு பழுது என்று தெரிந்தது. மறுவாரமே அத்தையை ருசி பார்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த அறையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டுப் போடும் இடம் மாதிரி மூன்று பக்கமும் பலகை அடைத்த சின்னச் சின்ன மேசைகள். மேலே சிவப்பு விளக்கு, நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. சுவரில் ஒரு குட்டி ஜன்னல். அது வழியாக ஒரு கை மட்டும் வந்து மூன்று கிண்ணங்களை வைத்துவிட்டுப் போகும். கிண்ணத்தில் பெயர் இருக்காது, 472, 815 என்று ஏதாவது மூன்றிலக்க நம்பர்தான். மூன்றில் இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுற்றி, துப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்து, அடுத்தது. ஒரு நாளைக்கு நாற்பது கிண்ணம். சம்பளம் வாங்கிக்கொண்டு துப்புகிற ஒரே ஆள் எங்கள் சொந்தத்தில் அத்தைதான்.

இந்த வேலையால் கஷ்டப்பட்டது நாங்கள். வீட்டில் யாரும் சென்ட் போடக் கூடாது. காலையில் வெங்காயம் வதக்கக் கூடாது. அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள், அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளையின் அம்மா கொடுத்த கேக்கை ஒரு கடி கடித்துவிட்டு, "சோடா மாவு ஒரு சிட்டிகை அதிகம், முட்டை நேத்தைக்கு முந்தினது" என்றாளாம். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வருத்தமா என்று கேட்டால், "அந்தக் கேக்கை ஆயுசு முழுக்கச் சாப்பிட்டிருக்கணும்டி" என்று சிரிப்பாள்.

இந்த நாக்கு ஒருமுறை செத்துப்போய்ப் பிழைத்தது. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து போனபோது வாசனையையும் ருசியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோப்பும் சோறும் ஒன்று. தொழிற்சாலையில் இரண்டு மாதம் பார்ப்பார்கள், பிறகு பழையபடி பாக்கெட் ஒட்டப் போக வேண்டியதுதான். அப்போது அப்பா தினமும் டியூட்டிக்குப் போவதற்கு முன்னால் ஆரஞ்சுத் தோல், காப்பித் தூள், துணி சோப், இஞ்சி என்று நாலு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அத்தை எதிரில் உட்காருவார். "இது என்ன, சொல்லு." "தெரியலடா." "சரி, நாளைக்குச் சொல்லு." நாற்பது நாள். நாற்பத்தோராம் நாள் காலையில் அத்தை, "இஞ்சி... இஞ்சிடா!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் டீ, டம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. கணக்கில் விழுந்த எனக்கே இருபத்தொன்று என்று தெரிகிறது. போன வருடம் பஸ் கம்பெனி டாக்டர் எல்லா டிரைவர்களுக்கும் மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்தார். அப்பாவுக்கு ஒன்பது புள்ளி இரண்டு. அடுத்த பரிசோதனைக்குள் எட்டுக்குக் கீழே வரவில்லை என்றால் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, டிப்போ கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற பஸ் நம்பரை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது ஜெயில். சாலையில் எதிரே வருகிற பஸ்ஸின் ஹாரனைக் கேட்டே ஓட்டுவது யார் என்று சொல்கிற மனிதர் அவர்.

மாத்திரை கொடுத்தார்கள், போட்டார். நடக்கச் சொன்னார்கள், டிப்போவைச் சுற்றி நடந்தார். தட்டில் பாதிக்குக் காய் என்றார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார். டீயில் மட்டும் கை வைக்க விடவில்லை.

"மூணு ஸ்பூனை விட்டா நான் பிரேக் எது ஆக்ஸிலேட்டர் எதுன்னு மறந்துடுவேன்" என்றார்.

"மறந்தா என்ன, கேட்ல உக்காரப் போறவங்களுக்கு எதுக்குங்க பிரேக்கு?" என்றாள் அம்மா, மிஷினை நிறுத்தாமலே.

முதலில் எல்லோரும் செய்கிறதைத்தான் நாங்களும் செய்தோம். டீயில் சர்க்கரைக்குப் பதிலாகப் போட ஒரு தீப்பெட்டி அளவு டப்பா, தலையில் ஒரு அமுக்கு அமுக்கினால் டிக் என்று ஒரு குட்டி மாத்திரை விழும். அப்பா குடித்துவிட்டு, "ஆணியைச் சப்பின மாதிரி இருக்கு" என்றார். அடுத்து ஏதோ இலையிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி. "முதல்ல ஒண்ணுமே தெரியல. அப்புறம் சாமி வந்த மாதிரி இனிக்குது. அப்புறம் போகவே மாட்டேங்குது. கடைசி ஸ்டாப்ல இறங்காத பாசஞ்சர் மாதிரி" என்றார். கண்டக்டர், தேன் நல்லது, இயற்கையானது என்று சொல்லவே, இரண்டு நாள் ஸ்பூன் ஸ்பூனாகத் தேன் ஊற்றினார். அத்தை பாட்டிலைப் பிடுங்கினாள். "ரத்தத்துக்குள்ள போனப்புறம் இது பூவுலேருந்து வந்துச்சா மூட்டையிலேருந்து வந்துச்சான்னு யாரும் விசாரிக்க மாட்டாங்கடா."

அதற்குப் பிறகு வந்தது சாக்லேட். "சர்க்கரை சேர்க்காதது" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. அதிகம் தின்றால் வயிறு இளகும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்பா படிக்கவில்லை. சர்க்கரைதான் இல்லையே என்று காலை ஷிஃப்டில் ஒரு பாக்கெட்டை முழுதாக முடித்தார். பதினோரு மணிக்கு, ஐம்பத்திரண்டு பேரோடு, நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி எதிரே இருந்த பெட்ரோல் பங்க்கை நோக்கி ஓடினார். பஸ் பழுது என்று நினைத்துப் பாதிப் பேர் இறங்கித் தள்ளத் தயாராக நின்றார்களாம்.

அன்று சாயங்காலம் அப்பா சுருண்டு படுத்திருந்தார். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மாத்திரை, பொடியெல்லாம் விஷம் கிடையாது தம்பி. மருந்தும் கிடையாது. அது ஒத்துப்போறவங்க அளவா எடுத்துக்கிட்டுப் போகட்டும். உனக்கு ஒத்துவரல. அது ஒத்துவந்தாலும் உன் நாக்கு மூணு ஸ்பூன் இனிப்பைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். நாம இனிப்பை மாத்த வேணாம். நாக்கை மாத்துவோம்."

"எங்க விப்பாங்க நாக்கு?"

"படுத்துக்கிட்டே வாயைப் பாரு. கேளுடா. பத்துல ஒரு பங்கு குறைச்சா பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அதை வச்சுத்தான் இத்தனை வருஷமா சோறு திங்கிறேன். வாரத்துக்குப் பத்துல ஒரு பங்கு குறைக்கிறேன். உனக்குத் தெரியாம இல்ல, சொல்லிட்டுத்தான். ஞாயித்துக்கிழமை ஒரு பரீட்சை. மூணு கிண்ணம், ரெண்டுல இந்த வார டீ, ஒண்ணுல அடுத்த வார டீ. எது வேறன்னு கண்டுபிடிச்சுட்டா அந்த வாரம் குறைக்க மாட்டேன். கண்டுபிடிக்கலேன்னா குறைப்பேன். சம்மதமா?"

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாக்கு அக்காவோட தம்பிகிட்டயே பந்தயமா? நீ சர்க்கரையே குறைக்க முடியாது, பாரு."

அத்தை நகை நிறுக்கிற மாதிரி ஒரு குட்டித் தராசு வைத்திருந்தாள். சர்க்கரையை நிறுத்து, "இந்த வாரம்", "அடுத்த வாரம்" என்று இரண்டு பொட்டலம் கட்டுவாள். டீ போட்டு, கிண்ணத்தில் நம்பர் ஒட்டி, எடுத்துக்கொண்டு போய் வைப்பது என் வேலை. எது எது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தை அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "என் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும், வாலு" என்பாள். வாலு என்பது நான். மூன்று சுற்று. மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால் அப்பாவுக்கு வெற்றி. டியூட்டிக்குப் போகும்போதும் டீக்கடைப் பக்கம் போகக் கூடாது, வீட்டு டீயைத்தான் பிளாஸ்கில் கொண்டுபோக வேண்டும் என்பதும் பந்தயத்தில் சேர்த்தி.

முதல் ஞாயிறு அப்பா தோற்றார். இரண்டாவதும் தோற்றார். மூன்றாவது ஜெயித்தார், அந்த வாரம் குறைக்கவில்லை. நாலாவது தோற்றார். அவருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்காகவே நான் தினமும் எதிரில் உட்கார்ந்து, டம்ளரில் ஸ்பூன் சத்தம் தெருவுக்குக் கேட்கும்படி மூன்று ஸ்பூன் கலக்கி உறிஞ்சிக் குடிப்பேன். "குடி, குடி. உனக்கும் ஒரு காலம் வரும்" என்பார்.

ஐந்தாவது ஞாயிறுதான் நான் என் புத்தியைக் காட்டினேன். இரண்டு பாத்திரம், இரண்டு அளவு, ஒன்பது கிண்ணம், ஒன்பது நம்பர். பாதி சோம்பல், பாதி விஷமம். ஒரே பாத்திரத்தில் "இந்த வாரம்" பொட்டலத்தை மட்டும் போட்டு, அதையே எல்லாக் கிண்ணத்திலும் ஊற்றிக்கொண்டு போய் வைத்தேன். அப்பா என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "நானூத்திப் பன்னெண்டு... இதுல சர்க்கரை தூங்குது. எழுநூத்தி மூணு... இதுலயும் தூங்குது. இரு இரு. அறுநூத்தி அம்பது! இதுல முழிச்சுக்கிட்டு இருக்கு. இதான் வேற. எழுதிக்கோ. மாறினா என் மீசையை எடுத்துடறேன்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "தப்பு" என்றேன். அவர் எதைக் காட்டினாலும் தப்பு என்று சொன்னேன். சரி என்று எப்படிச் சொல்வது, வேறாக ஒன்று இருந்தால்தானே? கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை, தோல்வி என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். அந்த வாரம் சர்க்கரை குறைந்தது. சமையலறையில் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தக் கூத்து நன்றாக இருந்ததால் ஆறாவது ஞாயிறும் அதையே செய்தேன். மறுபடியும் குறைந்தது.

அதில் நான் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. உண்மையான பரீட்சை வைத்திருந்தால் அந்த இரண்டு வாரத்தில் ஒன்றிலாவது அப்பா ஜெயித்திருக்கலாம், சர்க்கரை அந்த அளவிலேயே நின்றிருக்கும். பரீட்சையே இல்லாமல் நான் அவரை இரண்டு படி தள்ளிவிட்டிருந்தேன்.

எட்டாவது வாரம் அம்மா, ஓரம் பிரிந்திருந்த அப்பாவின் காக்கி பேன்ட்டைத் தைக்க எடுத்தவள், பையிலிருந்து நாலு தகர மூடிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"மூடி."

"மூடின்னு எனக்கும் தெரியுது. எதோட மூடி?"

"பாட்டிலோடது."

"பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அத்தையைப் பார்த்தார். "கூல் டிரிங்க்ஸு. கோச்சுக்காதக்கா. ரெண்டு மூணு வாரமா உன் டீ தொண்டையில இறங்கல. வெந்நீர் மாதிரி இருக்கு. டிப்போ பக்கத்துக் கடையில தினம் ஒண்ணு... சில நாள் ரெண்டு."

ஒரு பாட்டிலில் எட்டு ஒன்பது ஸ்பூன் சர்க்கரை இருக்கும் என்று அத்தை ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பரிசோதனைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

"ஆனா ஞாயித்துக்கிழமை உனக்கு வித்தியாசமே தெரியலையேடா?" என்றாள் அத்தை.

"தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. வாலு தப்புன்னு சொல்லிட்டாளே."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் புரட்டிப் பார்த்தாள். "அப்போ என் அளவுதான் தப்பு. நிறுத்தது தப்பா, ருசி பார்த்து வச்சது தப்பா தெரியல. நாக்கு மறுபடி மக்கர் பண்ணுதோ என்னவோ" என்றாள்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும், மாடியில் தன் அறையில் மூன்று கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டில் வெறும் தண்ணீர், ஒன்றில் துளி சர்க்கரை. ருசி போன அந்த நாற்பது நாளும் எப்படி உட்கார்ந்திருந்தாளோ அப்படியே, முதுகை வளைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு. "மறுபரிசோதனை பண்ணுங்கன்னு ஆபீஸ்ல நானே எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். தேறலேன்னா பாக்கெட் ஒட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி வீட்லயே ஒருதடவை பார்த்துக்கறேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். கிண்ணத்தை மாத்தி வச்சு நம்பர் ஒட்டிக் கொடு, வாலு" என்றாள்.

எனக்கு வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. நம்பர் சீட்டுகளில் நம்பருக்குப் பதிலாக ஒவ்வொரு வார்த்தை எழுதி ஒட்டினேன். முதல் கிண்ணத்தில் "ரெண்டு". இரண்டாவதில் "ஞாயிறும்". மூன்றாவதில் "ஒரே டீ".

அத்தை திரும்பிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"ஒன்பது கிண்ணத்துலயும் ஒரே பாத்திரத்து டீயா?"

"ஆமா."

"ரெண்டு வாரமும்?"

"ஆமா அத்தை."

அத்தை மூன்று சீட்டையும் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அந்த ஒரே டீயைக் குடிச்சிட்டு அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணுல சர்க்கரை தூங்குது, ஒண்ணுல முழிச்சுக்கிட்டு இருக்குன்னாரு. மாறினா மீசையை எடுத்துடறேன்னாரு."

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். பிறகு நின்றது.

"நல்லவேளை, நாக்கு போகல" என்றாள். "அவன் ஸ்டீயரிங் போச்சுன்னா என்னடி பண்ணுவே?"

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். எப்போ சொல்றதுன்னு நீயே பார்த்துக்கோ."

இப்போதுதான் சொல்கிறேன். அப்பா, இதைப் படிக்கும்போது செருப்பு வைக்கிற பக்கம் போக வேண்டாம். மீசையும் அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் அத்தை சர்க்கரையைக் கூட்டினாள். ஆமாம், கூட்டினாள். இரண்டு படி பின்னால் போனாள். அப்பா முதல் வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது என்ன, கை தவறிடுச்சா?"

"இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். பந்தயத்துல ரெண்டு வாரம் உனக்குச் சேர வேண்டியது. எடுத்துக்கோ."

தப்பு என்னுடையது. அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அந்த இரண்டு வாக்கியத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. நேரில் சொன்னால் "என்னடி, காய்ச்சலா?" என்பாள். அதனால் இங்கே, யாரும் என் முகத்தைப் பார்க்காத இடத்தில், சொல்லிவைக்கிறேன்.

அன்றோடு மூடிகள் நின்றன. அப்பா மறைத்தாரா என்று அம்மா பேன்ட் பையை மட்டுமல்ல, மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஏழு டம்ளரை அவரே ஐந்தாக்கினார். ஞாயிறுப் பரீட்சை தொடர்ந்தது. ஒரு வித்தியாசம், பரீட்சை முடிந்ததும் அத்தை வந்து ஒவ்வொரு கிண்ணத்தின் அடியையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் கழுவப் போடுவாள். என்மேல் சந்தேகமா என்று கேட்டேன். "சே, சே. பழக்கம்" என்றாள்.

பரிசோதனை நாள் வந்தபோது அப்பாவின் டம்ளரில் ஒன்றரை ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவருக்கு அது மூன்று ஸ்பூன் மாதிரியே இனித்தது. அதற்கு முந்தின வாரம், கூட வேலை பார்ப்பவர் கொடுத்த டீக்கடை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னய்யா இது, பாகு மாதிரி" என்று திருப்பிக் கொடுத்தாராம். அதை வீட்டில் வந்து சொன்னபோது அவருக்கே ஆச்சரியம்.

ரிப்போர்ட் வாங்க நாங்கள் நாலு பேரும் போனோம். ஒரு தாளை வாங்க நாலு பேர் எதற்கு என்று கேட்காதீர்கள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஏழு புள்ளி ஏழு.

"பரவாயில்லையே! மாத்திரை, நடை எல்லாம் ஒழுங்கா இருந்திருக்கு. சர்க்கரைக்கு மாற்றா எதை எடுத்துக்கிட்டீங்க?" என்றார்.

அப்பா பக்கத்தில் திரும்பிக் கையைக் காட்டினார். "இவங்களைத்தான்."

டாக்டருக்குப் புரியவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ரொம்ப முக்கியமான ஏதோ ஒன்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா அத்தையைத் தன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார வைத்து, முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை, அங்கிருந்து மறுபடி முதல் நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் இருந்தேன். போக வர ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு பேரும் பேசிய பேச்சு மொத்தம் இவ்வளவுதான்:

"டிக்கெட் எடுத்துட்டியாக்கா?"

"எடுத்துட்டேன். ரோட்டைப் பாரு."

எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அப்பா தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். அவர்களும் பதிலுக்கு அடித்தார்கள். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என் சொத்தையெல்லாம் கொடுத்தாவது அந்த முகம் கேட்டில் நாற்காலி போட்டு உட்காராமல் பார்த்துக்கொள்வேன். என் சொத்து ஒரு சைக்கிளும் கண்ணாடி உடைந்த ஒரு போனும்.

அது முடிந்து இப்போது எட்டு மாதம். அப்பா அரை ஸ்பூனுக்கு வந்துவிட்டார். இன்னும் குறைக்கலாமா என்று அவரேதான் கேட்கிறார். அத்தை இருபத்தைந்து வருடம் முடித்ததற்குத் தொழிற்சாலையில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை குறைந்த பிஸ்கட் ஒன்று அங்கே தயாராகிறது, அதையும் அவள்தான் துப்பிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் எல்லோரும் மாறிவிட்டார்கள். அம்மா ஒரு ஸ்பூன். என்னை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. இன்றைக்கும் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, மூன்று ஸ்பூன் போட்டு, சத்தமாகக் கலக்கி, அவரை வெறுப்பேற்றிக்கொண்டுதான் குடிக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதி, அத்தையிடம் காட்டினேன். பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன் அவள் பார்க்க வேண்டுமாம். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். எறும்பு வரும் இடத்தில் சிரித்தாள். சோடா மாவு வரும் இடத்தில் "இதெல்லாம் எதுக்குடி" என்றாள். பஸ் பயணத்துக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

"மூணு ஸ்பூன்னு எழுதியிருக்கே."

"ஆமா. என்ன இப்போ?"

நான் குடித்து வைத்திருந்த டம்ளர் மேசையில் இருந்தது. அத்தை அதைக் கையில் எடுத்து, அடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையேடி."

"அது... சரியாக் கலக்கல. அடியில தங்கியிருக்கும்."

"அடியைத்தான் தினமும் தொட்டுப் பார்க்கிறேன்" என்றாள் அத்தை. "உங்கப்பாவோட ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியிலேருந்தே. ஒரு நாள்கூட ஒரு கல் சர்க்கரை இருந்தது கிடையாது. வெறும் ஸ்பூனைத்தான் இத்தனை நாளா கலக்கிட்டு இருக்கே."